ஒரே மரம்... இரண்டு மாதம்!

ஜூலையில் பிறந்த ஒரு லிதுவேனியப் பெண்ணிடம், 'எந்த மாதம் பிறந்தாய்?' என்று கேட்டால், 'லியெப்பா' என்பாள். ஜூனில் பிறந்த ஒரு குரோஷியப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டால், 'லீப்பன்' என்பாள். லியெப்பா, லீப்பன் இரண்டுமே லிண்டன் மரத்தின் பெயரில் இருந்து வந்தவைதான். மஞ்சள் கலந்த சிறு பூக்கள், தெருவையே நிறைக்கும் வாசனை. பூவைக் காயவைத்து இரண்டு நாடுகளிலும் டீ போட்டுக் குடிக்கிறார்கள். வெயில் முன்னதாக ஏறும் தெற்கே, குரோஷியாவில், லிண்டன் ஜூனில் பூக்கிறது. வடக்கே லிதுவேனியாவில் பூப்பது ஜூலையில். ஒரே மரம்தான், ஆனால் காலண்டரில் இரண்டு மாதங்களைப் பிடித்துக்கொண்டது!

வரைபடத்தில் பார்த்தால் இந்த இரண்டு நாடுகளுக்கும் சம்பந்தமே தெரியாது. லிதுவேனியா பால்டிக் கடலோரம். குரோஷியா அட்ரியாடிக் கடலோரம். தலைநகர் வில்னியஸுக்கும் தலைநகர் ஜாக்ரெபுக்கும் நேர்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். நடுவில் போலந்து, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்று வேறு நாடுகள், வேறு மொழிகள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இருந்தும் இரண்டு மொழிகளும் தூரத்து உறவு. பெரியப்பா பேரனும் சித்தப்பா பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இருவருக்கும் தாத்தாவின் மூக்கு. அப்படி ஓர் உறவு.

மூக்கும் முழியும்

குரோஷிய மொழி ஸ்லாவிய இனத்தைச் சேர்ந்தது. ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். லிதுவேனிய மொழி பால்டிக் இனம். அந்த வீட்டில் இன்று உயிரோடு இருப்பது இரண்டே மொழிகள்: லிதுவேனியமும் லாட்வியமும். பால்டிக், ஸ்லாவிய வீடுகள் இரண்டும் ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தவை என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் முடிவு. 'இல்லை, நெடுங்காலம் பக்கத்து வீட்டில் வாழ்ந்ததால் வந்த சாயல்தான்' என்று வாதிடுபவர்களும் உண்டு.

சாட்சி வேண்டுமா? முதலில் லிதுவேனியம், அடுத்தது குரோஷியம்:

குளிர்காலம்: ஜியெமா – ஸீமா
பனி: ஸ்னியெகஸ் – ஸ்னியேக்
கை: ரன்க்கா – ரூக்கா
தேன்: மெதுஸ் – மெத்
மகன்: சூனுஸ் – சின்
ஓநாய்: வில்க்கஸ் – வூக்

இந்தப் பட்டியலிலேயே ஒரு வித்தியாசம் கண்ணில் படும். லிதுவேனியச் சொற்கள் பலவும் 'அஸ்', 'உஸ்' என்று வாலோடு நிற்கின்றன. குரோஷியம் அந்த வாலை எப்போதோ உதிர்த்துவிட்டது. லிதுவேனியருக்கு இந்த வால் மேல் அவ்வளவு பிரியம். வெளிநாட்டுக்காரர் பெயரைக்கூடச் சும்மா விடுவதில்லை. ஷேக்ஸ்பியர் அங்கே 'ஷெக்ஸ்பீரஸ்'!

இன்னொரு பட்டியல் இதைவிடச் சுவாரஸ்யம்:

தலை: கல்வா – க்லாவா
பசு: கார்வே – க்ராவா
காகம்: வர்னா – வ்ரானா
தாடி: பர்ஸ்தா – ப்ராதா

சொல்லின் நடுவே இருந்த 'ல்', 'ர்' குரோஷியத்தில் ஒரு படி முன்னே தாவி உட்கார்ந்திருப்பது தெரிகிறதா? இது நம் இலக்கண வகுப்பில் படித்த சங்கதிதான். 'தசை' என்பது 'சதை' ஆகிறதே, 'விசிறி' என்பது 'சிவிறி' ஆகிறதே... எழுத்து இடம் மாறி நிற்பது. தமிழில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தது, தெற்கு ஸ்லாவிய மொழிகளில் ஒரு சட்டம் போல வரிசையாக நடந்தது. ஒரு சொல் மட்டும் ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். ஒரே விதிப்படி வரிசையாகச் சொற்கள் மாறியிருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலம் இருந்தது என்று அர்த்தம்.

ஒரே தப்பு செய்த இருவர்

பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியருக்கு ஒரு ரகசியம் தெரியும். இரண்டு மாணவர்கள் சரியான விடை எழுதினால் சந்தேகம் வராது. இருவரும் ஒரே தப்பைச் செய்திருந்தால்தான், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று பிடிபடும்.

எண்களில் அப்படி ஒரு 'தப்பு' சிக்கியிருக்கிறது. சமஸ்கிருதத்தில் ஒன்பதுக்கு 'நவ'. நவராத்திரி, நவக்கிரகம் என்று நமக்குப் பழகிய சொல். லத்தீனிலும் அது 'ந'வில்தான் தொடங்கும். ஆனால் லிதுவேனியத்தில் ஒன்பது 'தெவீனி', குரோஷியத்தில் 'தெவெத்'. 'ந' இருக்கவேண்டிய இடத்தில் இரண்டிலும் 'தெ'. ஏன்? அடுத்த எண்ணைப் பாருங்கள். பத்துக்கு லிதுவேனியத்தில் 'தெஷிம்த்', குரோஷியத்தில் 'தெசெத்'. ஒன்று, இரண்டு என்று வேகமாக எண்ணிக்கொண்டே போகும்போது, வரப்போகிற பத்தின் 'தெ' முன்கூட்டியே நாக்கில் ஏறி ஒன்பதையும் தொற்றிக்கொண்டது என்பது மொழியியலாளர்கள் தரும் விளக்கம். ஏதோ ஒரு காலத்தில் இந்த இரண்டு மொழிகளின் முன்னோர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எண்ணப் பழகியிருக்கிறார்கள்!

வாட்ஸ்அப்பில் வரும் கதை

'லிதுவேனிய விவசாயியிடம் சமஸ்கிருதத்தில் பேசினால் அவருக்குப் புரியும்' என்று ஒரு செய்தி அவ்வப்போது வலம்வரும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. சொற்களில் சாயல் இருப்பது மட்டும் நிஜம். நெருப்புக்கு லிதுவேனியத்தில் 'உக்னிஸ்', குரோஷியத்தில் 'ஓகன்', சமஸ்கிருதத்தில் 'அக்னி'. உயிருள்ளது என்பதற்கு 'கீவஸ்', 'ஜீவ்', அங்கே 'ஜீவ'. நாளுக்கு 'தியெனா', 'தன்', அங்கே 'தின'. மூன்றும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்பதால் வந்த சாயல் இது. தமிழ் இந்தக் குடும்பமே இல்லை, திராவிட மொழி. தினம், சீவன், அக்கினி எல்லாம் நம்மிடம் வடமொழியில் இருந்து வந்து தங்கிய விருந்தாளிகள்.

கடவுளின் பெயரில்தான் ஒரு வேடிக்கை. லிதுவேனியர் கடவுளை 'தியெவஸ்' என்கிறார்கள். சமஸ்கிருத 'தேவ'வுக்கு உறவு. குரோஷியர் 'போக்' என்கிறார்கள். அது 'பகவான்' என்ற சொல்லில் உள்ள 'பக'வுக்கு உறவு. ஆளுக்கொன்றாக அவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். 'தேவன்', 'பகவான்' இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது தமிழ்!

கூப்பிட ஒரு வேற்றுமை

இலக்கணத்திலும் இரண்டு மொழிகளும் பழமை விரும்பிகள். இரண்டிலும் ஏழு வேற்றுமைகள். அதில் ஒன்று, கூப்பிடுவதற்கென்றே உள்ள விளி வேற்றுமை. 'முருகன்' என்பவரைக் கூப்பிடும்போது நாம் 'முருகா' என்கிறோமே, அதே சங்கதி. லிதுவேனியாவில் 'யோனஸ்' என்று ஒருவர் இருந்தால், அவரைக் கூப்பிடுவது 'யோனை!' என்று. குரோஷியாவில் 'இவான்' என்பவரைக் கூப்பிட 'இவானே!'. ஐரோப்பாவின் பல மொழிகள் இந்த வேற்றுமையை எப்போதோ தொலைத்துவிட்டன.

'வில்னியஸில்' என்று சொல்ல லிதுவேனியர் நம்மைப் போலவே பெயரின் வாலை மாற்றினால் போதும்: 'வில்னியுயே'. குரோஷியர் வாலையும் மாற்றவேண்டும், முன்னால் ஒரு சொல்லையும் சேர்க்கவேண்டும்: 'ஊ ஜாக்ரெபு'.

'நான் வேலை செய்தேன்' என்று சொல்வதில் இன்னொரு வித்தியாசம். லிதுவேனியத்தில் ஆணோ பெண்ணோ, யார் சொன்னாலும் 'திர்பௌ'. குரோஷியத்தில் ஆண் 'ராதியோ சாம்' என்பார். பெண் 'ராதிலா சாம்' என்பார். போனில் ஒரு வாக்கியம் டைப் செய்தாலே, எழுதியவர் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும்.

சுருதியும் முக்கியம். இரண்டு மொழிகளிலுமே சொல்லை எந்த ஏற்ற இறக்கத்தில் உச்சரிக்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறக்கூடும். லிதுவேனியத்தில் 'ஔக்ஷ்தஸ்' என்றால் ஒரு சுருதியில் 'உயரமான', இன்னொரு சுருதியில் 'மாடி'. வெளிநாட்டில் இருந்து வந்து படிப்பவர்கள் தலையைப் பிடித்துக்கொள்ளும் இடம் இது.

தலையில் ஒரு கொக்கி

சொற்களின் உறவு பிறப்பால் வந்தது. எழுத்தின் உறவு தேடிப் போய் வாங்கியது. லிதுவேனியம், குரோஷியம் இரண்டின் எழுத்து வரிசையிலும் சி, எஸ், இசட் ஆகிய மூன்று எழுத்துகளின் தலையில் குட்டி 'வி' போல ஒரு கொக்கி உட்கார்ந்திருக்கும். ஒரே கடையில் வாங்கிய சரக்கு. கடை, செக் மொழி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒலிக்கு ஓர் எழுத்து போதும், மேலே ஒரு குறி இட்டால் சரி என்ற யோசனையைச் சொன்னவர் செக் நாட்டுச் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் என்று கருதப்படுகிறது.

குரோஷியர்களுக்கு அதைக் கொண்டுவந்தவர் லூதெவிட் காய். 1830-ல், தன் இருபத்தோராம் வயதில், எப்படி எழுதவேண்டும் என்று ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதுவரை குரோஷியர்கள் வட்டாரத்துக்கு ஒரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சட்டமன்றமான சபோரில் அலுவல் மொழி லத்தீன். பக்கத்தில் ஹங்கேரிய மொழியின் நெருக்கடி வேறு. 1843-ல் இவான் குக்குல்யெவிச் சக்சின்ஸ்கி அந்தச் சபையில் எழுந்து முதன்முறையாகக் குரோஷிய மொழியில் பேசினார். 1847-ல் அதுவே ஆட்சிமொழி ஆனது.

இதில் ஒரு விட்டுக்கொடுத்தலும் இருக்கிறது. குரோஷியாவின் மூன்று வட்டார வழக்குகளுக்கும் 'என்ன' என்ற சொல்லை வைத்தே பெயர்: காய், சா, ஷ்தோ. லூதெவிட் காய் பிறந்த க்ராபினா ஊரில் மக்கள் பேசுவது முதல் வழக்கு. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று வந்தபோது, அதிகம் பேர் பேசிய மூன்றாம் வழக்கை அவர் ஏற்றுக்கொண்டார். பிறந்த ஊரின் பேச்சைத் தள்ளிவைத்து, அக்கம்பக்கத்தார் பேச்சைத் தேர்ந்தெடுப்பது யாருக்கும் சுலபம் இல்லை.

எழுத்து குற்றமான 40 ஆண்டுகள்

லிதுவேனியர்களின் கதை இதைவிடக் கடுமை. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த அவர்கள் 1863-ல் போலந்துக்காரர்களோடு சேர்ந்து கிளர்ச்சி செய்தார்கள். கிளர்ச்சி தோற்றது. அதன்பின் வந்த உத்தரவு: லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடக்கூடாது, ரஷ்ய எழுத்தில்தான் அச்சிடவேண்டும். 1864-ல் தொடங்கிய அந்தத் தடை 1904 வரை நீடித்தது. நாற்பது ஆண்டுகள்!

அரசாங்கம் ரஷ்ய எழுத்தில் அச்சிட்டுத் தந்த புத்தகங்களை மக்கள் தொடவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம், ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த டில்சிட் போன்ற ஊர்களில் லத்தீன் எழுத்தில் லிதுவேனியப் புத்தகங்கள் அச்சாயின. ஜெப நூல், பஞ்சாங்கம், அரிச்சுவடி, செய்தித்தாள்... அவற்றை மூட்டை கட்டி, காவலர் கண்ணில் படாமல் இரவில் எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் சிறை, அல்லது சைபீரியாவுக்கு நாடுகடத்தல். இவர்களுக்கு லிதுவேனியர் வைத்த பெயர் 'க்னிக்னெஷிஸ்'. புத்தகம் சுமப்பவர் என்று அர்த்தம். அவர்களில் முதன்மையானவர் 1846-ல் பிறந்த யுர்கிஸ் பியெலினிஸ். அவர் பிறந்த மார்ச் 16-ஐப் புத்தகம் சுமந்தவர்களின் தினமாக லிதுவேனியா இன்றும் கொண்டாடுகிறது.

தலையில் கொக்கி வைத்த எழுத்துகள் நிலைபெற்றதும் அந்தத் தடைக் காலத்தில்தான். அதுவரை போலிஷ் பாணியில் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்த ஒலிகளுக்கு, செக் பாணிக் கொக்கியை எடுத்துக்கொண்டார்கள். 'நாங்கள் போலிஷ்காரர்கள் இல்லை' என்று எழுத்திலேயே காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தது. தற்கால லிதுவேனியத்துக்கு ஒழுங்கு தந்த யோனஸ் யப்லோன்ஸ்கிஸின் இலக்கண நூல் 1901-ல் வெளிவந்தது. புனைபெயரில், டில்சிட்டில் அச்சாகி. ஓர் இலக்கணப் புத்தகம்கூடத் திருட்டுச் சரக்காக எல்லை தாண்டவேண்டியிருந்தது!

புத்தகம் மட்டும் போதுமா?

பால்டிக் வீட்டில் இன்று இரண்டு மொழிகள்தான் மிச்சம் என்று பார்த்தோம். மூன்றாவதாக ஒரு சகோதரியும் இருந்தாள். பழைய பிரஷ்ய மொழி. லிதுவேனியத்தின் முதல் அச்சுப் புத்தகம், மர்தீனஸ் மஜ்வீதஸ் எழுதிய ஞானோபதேசம், 1547-ல் கோனிக்ஸ்பெர்க் நகரில் வெளிவந்தது. அதே நகரில், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1545-ல் பிரஷ்ய மொழியில் ஞானோபதேசம் அச்சாகிவிட்டது. 1561-லும் இன்னொன்று வந்தது. அச்சில் அவள்தான் அக்கா.

ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய மொழி மறைந்துபோனது. வீடுகளில் ஜெர்மன் புகுந்துவிட்டது. பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேச ஆள் இல்லை. புத்தகம் இன்றும் நூலகத்தில் இருக்கிறது. பேசத்தான் ஒருவரும் இல்லை.

லிதுவேனியத்துக்கு நடந்தது நேர்மாறு. அரசாங்கம் புத்தகத்தைப் பிடுங்கியது. வீடு மொழியை விடவில்லை. லிதுவேனியச் சிற்பி பெத்ரஸ் ரிம்ஷா 1906-ல் ஒரு சிற்பம் செய்தார். ராட்டையில் நூல் நூற்கும் ஒரு தாய். பக்கத்தில் நின்றபடி புத்தகத்தைப் பார்த்துப் படிக்கும் குழந்தை. கை நூலில் இருந்தாலும் தாயின் கவனம் பிள்ளையின் பாடத்தில். சிற்பத்தின் பெயர் 'லிதுவேனியப் பள்ளி 1864–1904'. அந்த நாற்பது ஆண்டுகளும் பள்ளிக்கூடம் நடந்தது அடுப்படியில்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

எல்லை தாண்டி மூட்டை சுமந்தவர் ஒரு பக்கம். அந்த மூட்டையில் இருந்த அரிச்சுவடியைப் பிரித்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவள் இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், பிரஷ்ய மொழியின் கதி லிதுவேனியத்துக்கும் வந்திருக்கும்.

ஒரு கப் 'கவா'

இன்று இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் இடம்பிடித்திருக்கின்றன. லிதுவேனியா 2004-ல் சேர்ந்தது, குரோஷியா 2013-ல். 24-வதாகச் சேர்ந்த மொழி குரோஷியம். ஒரே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் இந்தத் தூரத்து உறவினர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கிறார்கள்.

நேரில் பேசிப் பார்த்தால் சிரிப்புதான் மிஞ்சும். லிதுவேனியர் 'லோவா' வேண்டும் என்றால் அவர் கேட்பது படுக்கை. குரோஷியர் காதில் அது 'பணம்' என்று விழும். அங்கே பேச்சு வழக்கில் துட்டுக்கு 'லோவா' என்று பெயர். 'ரசா' என்றால் லிதுவேனியருக்குப் பனித்துளி. குரோஷியருக்கு இனம், ஜாதி. குரோஷியர் பனித்துளியை 'ரோசா' என்பார்.

இப்படி முட்டி மோதி அலுத்த பிறகு, ஸ்ப்ளிட் நகரக் கடற்கரையில் ஒரு கடையில் இருவரும் உட்காரலாம். அங்கே கவலை இல்லை. இருவரும் 'கவா' என்றே கேட்கலாம். காபிக்கு இரண்டு மொழிகளிலும் ஒரே சொல். ஆச்சரியம் என்னவென்றால், அது தாத்தா சொத்து இல்லை. அரபியில் பிறந்து, துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்த சொல். நாம் சொல்லும் 'காபி'யும் அதே வேரில் இருந்து வந்ததுதான்.

தேனும் பனியும் குளிர்காலமும் பாட்டன் வழியாக வந்து, காலப்போக்கில் உருமாறி நிற்கின்றன. காபி மட்டும் நேற்று வந்து, மாறாமல் நிற்கிறது. அந்தக் காபி மேஜைக்கு மேலே ஒரு லிண்டன் மரம் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அது பூப்பது ஜூனிலா ஜூலையிலா என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்!